மருந்தடித்த வீடு, 33 வாரக் குழந்தை: தொடர்பு உண்டா?

கேள்வி: வேளச்சேரியிலிருந்து ஒரு வாசகி
2025 நவம்பர் 3, காலை 11.20

எனக்கு ஆறு மாதம் முடிகிற சமயம் வீட்டு ஓனர் ஆள் அனுப்பி வீடு முழுக்கக் கரையானுக்கும் கரப்பானுக்கும் மருந்தடித்தார். இரண்டு மணி நேரம் வெளியே இருந்தால் போதும் என்றார்கள். அன்று சாயங்காலமே உள்ளே வந்துவிட்டேன். வாசனை ரொம்ப நாள் போகவில்லை. 33-ஆவது வாரம் பனிக்குடம் உடைந்து பையன் பிறந்துவிட்டான். 1,720 கிராம். இப்போது மூன்று வாரம் ஆகிறது, வீட்டுக்கு வந்துவிட்டோம். "அன்றைக்கே ஏன் உள்ளே வந்தாய்" என்று மாமியார் தினமும் கேட்கிறார். அந்த மருந்துதான் காரணமா? இனிமேல் இவனுக்கு ஏதாவது வருமா? இன்னொன்று, இங்கே கொசு தாங்கவில்லை. லிக்விட் போடலாமா?

2025 நவம்பர் 3, இரவு 9.50

முதலில் ஒரு காரியம், மற்றதெல்லாம் அப்புறம். 34 வாரத்துக்கு முன்னால் பிறந்த குழந்தைக்கும், 2 கிலோவுக்குக் குறைவாகப் பிறந்த குழந்தைக்கும் விழித்திரைப் பரிசோதனை கட்டாயம். பிறந்து நாலு வாரத்துக்குள் முதல் பரிசோதனை முடிந்திருக்க வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரியில் ஆர்.ஓ.பி. (குறைமாதக் குழந்தைக்கு வருகிற விழித்திரை நோய்) என்று எழுதித் தேதி போட்டிருக்கிறார்களா என்று இப்போதே எடுத்துப் பாருங்கள். தேதி இல்லையென்றால் நாளைக்கே போன் செய்து வாங்குங்கள். கண் பளிச்சென்று இருக்கிறது, வெளிச்சத்தைப் பார்க்கிறான் என்றெல்லாம் நாமாக முடிவு செய்யக்கூடாது. விழித்திரை ரத்தக்குழாய் தாறுமாறாக வளர்வது வெளியில் தெரியாது. தெரியும்போது காலம் கடந்திருக்கும்.

நான் குறைமாதக் குழந்தைகள் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற செவிலியர். டாக்டர் இல்லை. அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஒரு குழந்தையைக் காட்டி, இது இந்த மருந்தால்தான் முன்னால் பிறந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. பனிக்குடம் முன்கூட்டியே உடைய கிருமித் தொற்று காரணமாகலாம், கர்ப்பப்பை வாய் குட்டையாக இருப்பது காரணமாகலாம். பொதுவாகக் குறைமாதப் பிரசவம் என்றால் ரத்த அழுத்தம், ரத்தசோகை, இரட்டைக் கரு, சிறுநீர்த் தொற்று என்று வரிசையே இருக்கிறது. பாதிப்பேருக்கு எந்தக் காரணமும் கண்ணில் படாது. அன்று சாயங்காலம் உள்ளே வந்தது குற்றம் இல்லை. இரண்டு மணி நேரம் போதும் என்று சொன்னவர்கள்தான் அதற்குப் பதில் சொல்ல வேண்டும். இதை மாமியாரிடமும் காட்டுங்கள்.

அடித்தது என்ன மருந்து? பில் இருக்குமே, அதில் பெயர் போட்டிருப்பார்கள்.

2025 நவம்பர் 4, மாலை 6.15

பில்லைப் பார்த்து எழுதியதற்கு நன்றிம்மா. கரையானுக்குக் குளோர்பைரிபாஸ், கரப்பானுக்கு சைபர்மெத்ரின். சென்னையில் மரவேலை இருக்கிற வீடுகளுக்குப் பெரும்பாலும் இந்த ஜோடிதான். புதுக் கட்டடத்துக்கு அஸ்திவாரம் போடும்போது மண்ணில் ஊற்றுவதும் பல இடங்களில் குளோர்பைரிபாஸ்தான்.

இந்தக் குளோர்பைரிபாஸைப் பற்றித்தான் உலகத்தில் அதிகம் பார்த்திருக்கிறார்கள். நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தார், வடக்கு மன்ஹாட்டனிலும் பிராங்க்ஸிலும் இருந்த கர்ப்பிணிகளை 1990-களின் கடைசியிலிருந்து பின்தொடர்ந்தார்கள். வயல்காட்டுப் பெண்கள் இல்லை, அபார்ட்மென்ட்டில் கரப்பானுக்கு மருந்தடித்த வீட்டுப் பெண்கள். அதாவது உங்களைப் போன்றவர்கள். தொப்புள்கொடி ரத்தத்தில் இந்த வகை மருந்து அதிகம் இருந்த குழந்தைகள், குறைவாக இருந்தவர்களைவிடச் சராசரியாக 186 கிராம் எடை குறைவாகப் பிறந்தார்கள். 2000-ஆம் ஆண்டு அமெரிக்க அரசு வீட்டுக்குள் குளோர்பைரிபாஸ் அடிப்பதை நிறுத்தச் சொன்னது. 2001 ஜனவரிக்குப் பிறகு பிறந்த குழந்தைகளின் ரத்தத்தில் அளவு மளமளவென்று இறங்கியது, எடைக் குறைவோடு இருந்த தொடர்பும் காணாமல் போனது. எனக்கு இந்த ஆய்வில் பிடித்தது அந்த இரண்டாம் பாதிதான். நிறுத்தினார்கள், மாறியது.

186 கிராம் என்றால் என்ன பெரிய விஷயம் என்று மூன்றரைக் கிலோ குழந்தையின் அம்மா கேட்கலாம். 1,720 கிராம் குழந்தையைப் பாலாடையில் பால் கொடுத்து ஒரு நாளைக்கு 20 கிராம் ஏற்றுவதற்குள் என்ன பாடு என்று உங்களுக்குத் தெரியும்.

அடுத்தது கலிபோர்னியாவில் சலினாஸ் பள்ளத்தாக்கு. ஸ்ட்ராபெரியும் கீரையும் விளைகிற ஊர், மெக்சிகோவிலிருந்து வந்த கூலிக் குடும்பங்கள். பெர்க்லி பல்கலைக்கழகத்தின் பிரெண்டா எஸ்கனாசி தலைமையில் 1999-இல் தொடங்கிய ஆய்வு இது. குளோர்பைரிபாஸ் சேர்ந்த வகைக்கு ஆர்கனோபாஸ்பேட் என்று பெயர். அம்மாவின் சிறுநீரில் அந்த வகை மருந்துகளின் கழிவு கூடக்கூடக் கர்ப்பகாலம் சற்றுக் குறைந்தது. கடைசி மாதங்களில் பட்டதுதான் அதிகம் தெரிந்தது. ஆனால் அங்கே எடை குறையவில்லை.

ஏன் கர்ப்பகாலம் குறைய வேண்டும்? இந்த மருந்துகள் பூச்சியைக் கொல்வது கோலினெஸ்டரேஸ் என்ற நொதியை முடக்கித்தான். நரம்பு வேலை முடிந்ததும் அசிட்டைல்கோலினைத் துடைப்பது அந்த நொதி. துடைக்க ஆள் இல்லையென்றால் அசிட்டைல்கோலின் தேங்கும், தசை சுருங்கிக்கொண்டே இருக்கும். கர்ப்பப்பையும் தசைதானே. தொப்புள்கொடி ரத்தத்தில் அந்த நொதி குறைவாக இருந்த குழந்தைகள் முன்னால் பிறந்திருந்ததையும் அதே ஆய்வில் பார்த்தார்கள்.

2025 நவம்பர் 4, இரவு 10.30

"அப்படியானால் உறுதியாகிவிட்டதே" என்று கீழே ஒருவர் எழுதியிருக்கிறார். இல்லை சார். அமெரிக்காவிலேயே சின்சினாட்டி நகரத்தில் பார்த்தபோது மருந்தின் கழிவு பத்து மடங்கு கூடினால் அரை வாரம் முன்னால் பிறப்பதும் 150 கிராம் குறைவதும் தெரிந்தது. அப்புறம் சலினாஸ், நியூயார்க்கின் இரண்டு ஆய்வுகள், சின்சினாட்டி, நான்கையும் ஒன்றாகச் சேர்த்துக் கணக்குப் பார்த்தார்கள். பிறப்பு எடையிலும் நீளத்திலும் தலைச் சுற்றளவிலும் பொதுவாகப் பெரிய தொடர்பு தெரியவில்லை. இந்த மருந்துகள் உடம்பில் சில நாள்தான் தங்கும். ஒன்பது மாதத்தில் ஒன்றிரண்டு தடவை சிறுநீர் எடுத்து என்ன பிடிபடும்? சந்தேகம் பலமாக இருக்கிறது, நிரூபணம் முழுமையாக இல்லை. இன்றைய நிலை அதுதான்.

2025 நவம்பர் 6, மதியம் 2.05

யாரோ கேரளத்துக் காசர்கோடு குழந்தைகளின் படங்களைப் போட்டு "இதுதான் நடக்கும்" என்று எழுதியிருக்கிறார்கள். தயவுசெய்து எடுத்துவிடுங்கள். மூன்று வாரக் குழந்தையை மடியில் வைத்திருக்கிற பெண் இதைப் படித்துக்கொண்டிருக்கிறாள்.

விஷயத்திலும் அது வேறு. காசர்கோட்டில் அடித்தது எண்டோசல்பான். ஆர்கனோகுளோரின் என்கிற வேறு வகை. முந்திரித் தோட்டங்களின் மேல் ஹெலிகாப்டரிலிருந்து, ஆண்டுக்கணக்காக, வீடும் கிணறும் இருக்கிற மலைச்சரிவில் தெளித்தது. 2011 மே மாதம் உச்ச நீதிமன்றம் நாடு முழுக்க நிறுத்தியது. 2017-இல் பாதிக்கப்பட்டவர்களுக்கு 5 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. அந்த மக்களின் துயரத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. வீட்டில் ஒருமுறை அடித்ததற்கு அதை உதாரணம் காட்டுவது பொருந்தாது, அவ்வளவுதான்.

ஆர்கனோகுளோரின் வகை என்றால் பழைய பூச்சிமருந்தான டி.டி.டி.யைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 1959 முதல் 1966 வரை கர்ப்பிணிகளிடம் எடுத்து உறைய வைத்திருந்த ரத்தத்தைப் பிற்காலத்தில் எடுத்துச் சோதித்தார்கள். டி.டி.டி. உடம்பில் உடைந்து வருகிற டி.டி.இ. அதிகம் இருந்த அம்மாக்களுக்குக் குறைப்பிரசவம் அதிகம். 2001-இல் வெளிவந்தது. அந்த வகை கொழுப்பில் போய் உட்கார்ந்துகொண்டு வருஷக்கணக்கில் போகாது. உங்கள் வீட்டில் அடித்தது அப்படித் தங்குகிற வகை இல்லை.

2025 நவம்பர் 8, அதிகாலை 5.10

தூக்கம் வரவில்லை, எழுதிவிடுகிறேன். எல்லோரும் அபார்ட்மென்ட்டைப் பற்றியே பேசுகிறோம்.

நான் பிறந்தது ஊத்துக்கோட்டைப் பக்கம். பூக்காடு. குண்டுமல்லி. விடிவதற்கு முன்னால் மொட்டாகப் பறித்தால்தான் கோயம்பேட்டுக்குப் போய்ச் சேரும்போது விலை. என் அம்மா, சித்திகள், இன்றைக்கு என் தங்கை, எல்லோரும் பறிக்கிறவர்கள்தான். புடவைக்கு மேல் வீட்டுக்காரரின் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, மடி கட்டிக்கொண்டு, நெற்றியில் டார்ச் மாட்டிக்கொண்டு செடிக்குள் இறங்குவார்கள். மல்லிகைக்கு மொட்டுப்புழு வரும். புழு ஒரு மொட்டைத் துளைத்தால் ஊதா ஓடிவிடும், விலை போகாது. அதனால் மருந்து. முந்தின நாள் சாயங்காலம் டேங்க் கட்டி அடிப்பார்கள், மறுநாள் விடியற்காலை அதே செடியில் பறிப்பு. பனியில் இலை நனைந்திருக்கும், சட்டைக் கை முழங்கை வரை ஈரமாகிவிடும். பறித்துவிட்டு வரப்பில் உட்கார்ந்து அதே கையால் பழைய சோறு. கை கழுவுவதற்குத் தண்ணீர் எடுத்துப் போவது குடிக்கிற சொம்பில்தான்.

ஏழு மாதம், எட்டு மாதம் வரை பறிப்பார்கள். குனிய வேண்டாம், இடுப்பு உயரச் செடி, இது சுலபமான வேலை, கர்ப்பிணிக்கு ஏற்றது என்று ஊரில் சொல்வார்கள். கடைசி மாதங்கள்தான் அந்தக் கலிபோர்னியா ஆய்வில் அதிகம் தெரிந்த காலம் என்று படித்தபோது எனக்கு வயிறு கலங்கியது.

மல்லிகைக்குக் காலங்காலமாக அடித்த மருந்துகளில் ஒன்று மானோகுரோட்டோபாஸ். டப்பாவில் சாய்சதுரக் குறியின் கீழ்ப்பாதி சிவப்பாக இருக்கும். சிவப்பு என்றால் மிகக் கொடிய நஞ்சு, அடுத்தது மஞ்சள், அப்புறம் நீலம், பச்சை. 2013-இல் பீகாரில் சாப்ரா பக்கம் பள்ளிச் சத்துணவில் கலந்து 23 குழந்தைகள் இறந்தார்களே, அது இந்த மருந்துதான். காய்கறிக்கு அடிக்கக்கூடாது என்று 2005-இலேயே தடை. பூவை யாரும் சாப்பிடுவதில்லை, அதனால் பூவைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. பறிக்கிறவளின் கையைப் பற்றியும் யோசிக்கவில்லை. 2023-இல்தான் அந்த 36 சதவீதத் திரவத்தை நிறுத்த மத்திய அரசு உத்தரவு போட்டது.

என் தங்கைக்கு இரண்டாவது 32 வாரத்தில் பிறந்தது. நான் வேலை பார்த்த இடத்தில் இல்லை, வேறு இடத்தில். கேஸ் ஷீட்டைப் பார்த்தேன். வயது, ரத்த வகை, எத்தனையாவது பிரசவம், பி.பி., சுகர், ஹீமோகுளோபின், எல்லாம் இருந்தது. வேலை என்ற இடத்தில் "ஹவுஸ்வைஃப்" என்று எழுதியிருந்தது. நாலரை மணிக்குப் பூக்காட்டில் இறங்குகிறவள். மருந்து என்ற சொல்லே அந்தத் தாளில் எங்கும் வரவில்லை.

பணியில் இருந்தபோது எத்தனை கேஸ் ஷீட் எழுதியிருப்பேன். திருவள்ளூர், உத்திரமேரூர், மதுராந்தகம் என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் வருவார்கள். எந்தப் படிவத்திலும் அந்தக் கேள்விக்குக் கட்டம் இல்லை. நாம் கேட்காமல் இருந்துவிட்டு, இங்கே அப்படிப் பாதிப்பே இல்லை என்று சொல்லிக்கொள்கிறோம். எனக்கு இந்த விஷயத்தில் சொல்ல இருப்பது முக்கியமாக இது ஒன்றுதான். "வீட்டில் என்ன அடிக்கிறீர்கள், வேலை செய்கிற இடத்தில் என்ன அடிக்கிறார்கள், கடைசியாக எப்போது" என்று மூன்று வரி. முதல் செக்கப்பில் கேட்டு எழுதினால் போதும்.

2025 நவம்பர் 8, காலை 8.40

மேலே எழுதியதோடு சேர்த்துப் படிக்க: கலிபோர்னியாவிலேயே சான் வாக்கீன் பள்ளத்தாக்கில் 1997 முதல் 2011 வரை நடந்த 5 லட்சம் பிரசவங்களை எடுத்துப் பார்த்தார்கள். பெரும்பாலானோருக்கு மருந்துத் தெளிப்போடு தொடர்பு எதுவும் தெரியவில்லை. தெளிப்பு மிக மிக அதிகமாக இருந்த உச்சி 5 சதவீதத்தினருக்கு மட்டும் குறைப்பிரசவம், எடைக்குறைவு போன்றவை 5 முதல் 9 சதவீதம் வரை கூடின. வேளச்சேரித் தங்கைக்கு இது ஆறுதல். என் தங்கைக்கு இல்லை.

2025 நவம்பர் 9, மாலை 7.00

கொசு. பாதிப்பேர் இதைத்தான் கேட்கிறீர்கள், மழைக்காலம் வேறு.

குழந்தை இருக்கிற அறையில் சுருள் வேண்டாம். ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் விடுகிற நுண்துகள், 75 முதல் 137 சிகரெட் விடுகிற அளவு என்று 2003-இல் வந்த ஓர் ஆய்வில் அளந்து காட்டினார்கள். 33 வார நுரையீரல் அதைத் தாங்காது. நுரையீரல் ஒட்டிக்கொள்ளாமல் இருக்கச் சுரக்கிற சர்ஃபாக்டன்ட் கடைசி வாரங்களில்தான் போதுமான அளவுக்கு வரும். காற்றறைகள் பிறந்த பிறகும் வளர்ந்துகொண்டே இருக்கும். லிக்விடில் புகை இல்லை, ஆனால் உள்ளே இருப்பது டிரான்ஸ்ஃப்ளூத்ரின் மாதிரியான பைரெத்ராய்டு, உங்கள் வீட்டில் அடித்த சைபர்மெத்ரின் இருக்கிற அதே வகை. கதவை மூடி ஏ.சி. போட்டு இரவு முழுக்க ஓடவிட்டால் குழந்தை அதைத்தான் மூச்சாக இழுக்கும். சாயங்காலம் குழந்தை வேறு அறையில் இருக்கும்போது ஒரு மணி நேரம் போட்டு, அணைத்து, ஃபேனைப் போட்டுக் காற்றோட்டம் விட்டு அப்புறம் கொண்டுவாருங்கள். அதைவிட நல்லது வலை. ஜன்னலுக்கு நைலான் வலை, தொட்டிலுக்குக் குடைவலை. மருந்து தோய்க்காத சாதா வலை போதும்.

மாநகராட்சியின் கொசுப்புகை அடிக்கிற வண்டி வந்தால்? குழந்தையையும் கர்ப்பிணியையும் உள்ளறைக்குக் கூட்டிப்போய்த் தெருப்பக்க ஜன்னலை அடைத்து அரை மணி நேரம் கழித்துத் திறங்கள். பெரிய பிள்ளைகளை அந்தப் புகைக்குப் பின்னால் ஓட விடாதீர்கள், எங்கள் பெரம்பூர்த் தெருவில் இன்னமும் கூச்சல் போட்டுக்கொண்டு ஓடுகிறார்கள். தெருவில் கர்ப்பிணிகள் இருக்கிறார்கள், நேரத்தை முன்னால் சொல்லுங்கள் என்று மாநகராட்சியின் 1913-க்குப் போன் செய்து கேட்கலாம்.

ஆனால் ஒன்று. புகையே வேண்டாம் என்று ராயபுரத்துக்காரர் எழுதியிருப்பதை நான் ஏற்கவில்லை. கர்ப்பிணிக்கு டெங்கு வந்தால் அதுவே குறைப்பிரசவத்தில் கொண்டுவிடலாம். டெங்குக் கொசு நம் வீட்டுத் தண்ணீரில்தான் முட்டையிடுகிறது. ஃப்ரிட்ஜ் பின்னால் இருக்கிற தட்டு, மணிபிளான்ட் பாட்டில், மொட்டைமாடி டயர். வாரம் ஒருமுறை கொட்டிக் கவிழ்த்துத் தேய்த்துவிட்டால் மருந்துக்கு வேலை குறையும்.

2025 நவம்பர் 10, காலை 7.25

விட்டுப்போன ஒன்று, அவசரம். குழந்தையின் துணி வைத்திருக்கிற பீரோவில் அந்துருண்டை போட்டிருந்தால் இன்றே எடுத்துவிட்டு எல்லாத் துணியையும் துவைத்து வெயிலில் போடுங்கள். அதில் இருக்கிற நாஃப்தலீன் துணி வழியாகப் பட்டாலே போதும், ஜி6பிடி என்கிற நொதி பிறவியிலேயே குறைவாக இருக்கிற குழந்தைக்கு ரத்த அணுக்கள் உடைந்து மஞ்சள்காமாலை ஏறிவிடும். பாட்டி ஆசையாக எடுத்துவைத்த பழைய பட்டுப் பாவாடை, பழைய வேட்டி, எல்லாவற்றிலும் அந்த வாசனை இருக்கும். மூக்கில் கர்ப்பூரத் தைலமும் தடவ வேண்டாம், வலிப்பு வந்து சேர்ந்த குழந்தைகளைப் பார்த்திருக்கிறேன். குளிப்பாட்டிவிட்டுச் சாம்பிராணிப் புகை போடுவதையும் இந்தக் குழந்தைக்கு விட்டுவிடுங்கள். தலையைத் துண்டால் துவட்டிக் கங்காரு முறையில் மார்போடு வைத்துக்கொண்டால் சளியும் பிடிக்காது, எடையும் ஏறும்.

2025 நவம்பர் 14, இரவு 9.10

காய்கறி கேட்டவர்களுக்குச் சுருக்கமாக. ஓடுகிற தண்ணீரில் கையால் தேய்த்துக் கழுவுங்கள். உப்புத் தண்ணீர், புளித்தண்ணீரில் ஊறவைத்தால் மேலே ஒட்டியிருப்பது இன்னும் கொஞ்சம் போகும். செடிக்குள் ஊடுருவுகிற வகை எதில் கழுவினாலும் போகாது. கறிவேப்பிலையை நான் இரண்டு தடவை கழுவுவேன், ஐரோப்பாவில் நம் கறிவேப்பிலைக்கு எல்லையிலேயே தனிப் பரிசோதனை வைத்திருந்தார்கள். பயந்துகொண்டு கர்ப்பிணி கீரையை நிறுத்திவிடக்கூடாது. ரத்தசோகையால் வருகிற குறைப்பிரசவத்தைக் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன்.

2025 நவம்பர் 17, இரவு 11.00

இன்று உலகக் குறைமாதக் குழந்தைகள் நாள். 2020-இல் உலகில் 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் குறைமாதத்தில் பிறந்தார்கள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அதில் 30 லட்சத்துக்கு மேல் நம் நாட்டில். வேறு எந்த நாட்டிலும் இத்தனை இல்லை.

4-ஆம் தேதிக் குறிப்பைத் திரும்பப் படித்தேன். நிரூபணம் முழுமையாக இல்லை என்று எழுதி அங்கேயே நிறுத்தியிருக்கிறேன். "முன்னால் பிறக்க அதுதான் காரணமா" என்ற கேள்விக்கு அது சரியான பதில். "பிறந்த பிறகு என்ன" என்ற கேள்விக்கு அது போதாது, அங்கே எனக்குத் தயக்கம் குறைவு.

குளோர்பைரிபாஸ் உடம்புக்குள் போனால் இன்னும் கொடிய ஒரு வடிவமாக மாறும். அதை உடைத்து வெளியேற்ற ரத்தத்தில் ஒரு நொதி இருக்கிறது, பான்1 என்பார்கள். பிறந்த குழந்தைக்கு அது அம்மாவுக்கு இருப்பதில் நாலில் ஒரு பங்குதான். குறைமாதக் குழந்தைக்கு அதையும்விடக் குறைவு. வளர்ந்து பெரியவர்கள் அளவுக்கு வர வருஷங்கள் ஆகும். அம்மா கொடுக்க வேண்டிய நோய் எதிர்ப்புப் பொருள்களும் இரும்பும் கடைசி மூன்று மாதத்தில்தான் பெரும்பங்கு போய்ச் சேரும், அதுவும் பாதியில் நின்றிருக்கும். கைப்பிடியளவு உடம்பு. தரையில் அடித்த மருந்து தரைக்குப் பக்கத்தில்தான் காற்றில் நிற்கும், குழந்தையும் தவழ்கிற வயதில் தரையில்தான். ஒரே அறையில் அப்பாவும் மகனும் இருந்தாலும் இரண்டு பேருக்கும் ஒரே அளவு மருந்து இல்லை.

சலினாஸ் குழந்தைகளை ஏழு வயதில் பார்த்தபோது, கர்ப்பத்தில் அதிகம் மருந்து பட்ட ஐந்தில் ஒரு பங்குக் குழந்தைகள், குறைவாகப் பட்டவர்களைவிட அறிவுத்திறன் சோதனையில் 7 புள்ளி பின்தங்கியிருந்தார்கள். பிலிப்பைன்ஸில் புலக்கான் மாகாணத்தில் குழந்தையின் முதல் மலத்தையே எடுத்துச் சோதித்தார்கள். வீட்டு ஸ்பிரேயில் இருக்கிற புரோபாக்சர் அதில் கிடைத்தது. கிடைத்த குழந்தைகள் இரண்டு வயதில் கை கால் அசைவில் சற்றுப் பின்தங்கினார்கள். குறைமாதக் குழந்தைகளை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தவை இல்லை இவை. ஆனால் நிறைமாதக் குழந்தையைத் தொடுகிற ஒன்று குறைமாதக் குழந்தையை விட்டுவைக்கும் என்று நினைக்க எனக்குக் காரணம் தெரியவில்லை. ஐரோப்பா 2020-இல் குளோர்பைரிபாஸை நிறுத்திவிட்டது. 2025-இல், நச்சு வேதிப்பொருள்களைப் பற்றிய உலக நாடுகளின் ஒப்பந்தமான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையிலும் ஒழிக்க வேண்டியவை பட்டியலில், சில விலக்குகளோடு, சேர்த்துவிட்டார்கள். நாம் அலமாரிக்குப் பின்னால் அடித்துக்கொண்டிருக்கிறோம்.

தங்கச்சி, இதைப் படித்துக் கலங்க வேண்டாம். 7 புள்ளி என்பது கூட்டத்தின் சராசரி, உங்கள் பையனின் ஜாதகம் இல்லை. குறைமாதக் குழந்தைக்கு மருந்தைவிடப் பல மடங்கு கணக்கில் வருவது தாய்ப்பால், கங்காரு முறை, பேச்சு, விளையாட்டு, தவறாத செக்கப். இது எல்லாம் உங்கள் கையில்தான் இருக்கிறது.

2025 நவம்பர் 18, காலை 10.15

"தாய்ப்பாலிலும் மருந்து இருக்குமே" என்று கேட்டிருக்கிறார்கள். சிறிதளவு இருக்கலாம். அதற்காக நிறுத்தவே கூடாது. குறைமாதக் குழந்தையின் குடல் அழுகிப்போகிற நோய்க்கு, என்.இ.சி. என்போம், தாய்ப்பாலைப் போல் காவல் வேறு இல்லை. பவுடர் பாலில் போன குழந்தைகளை நான் தூக்கிக் கொடுத்திருக்கிறேன். இதற்கு மேல் இந்தக் கேள்வியில் விவாதம் வேண்டாம்.

2025 நவம்பர் 22, மாலை 5.30

அசோசியேஷன் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லா ஃபிளாட்டுக்கும் ஸ்பிரே என்று நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது, எப்படி மறுப்பது என்று மடிப்பாக்கத்திலிருந்து ஒருவர் (அவருக்கு ஐந்தாம் மாதம்).

மறுக்கும்போது மாற்றையும் சேர்த்துச் சொல்லுங்கள், அப்போதுதான் கேட்பார்கள். நியூயார்க்கில் கர்ப்பிணிகள் வீட்டிலேயே செய்து பார்த்த வழி இருக்கிறது. சமையலறைக் குழாய் சுவருக்குள் போகிற ஓட்டையையும் சிங்க் அடியையும் அடைத்தார்கள், இரவு எச்சில் பாத்திரம் வைக்காமல் பார்த்துக்கொண்டார்கள், ஸ்பிரேக்குப் பதில் ஜெல் வைத்தார்கள். கரப்பானும் குறைந்தது, வீட்டுக் காற்றில் மருந்தும் குறைந்தது, பிரசவத்தின்போது அந்த அம்மாக்களின் ரத்தத்தில் மருந்து தென்படவில்லை. நம் ஊர்க் கம்பெனிக்காரர்களிடமும் ஜெல் உண்டு, கேட்டால் வைப்பார்கள். சின்னச் சின்னப் பொட்டாக, கதவு மூலையில், கை படாத இடத்தில். போரிக் பவுடரையும் மாவில் பிசைந்து சிங்க் அடியில் வைக்கலாம், குழந்தை தவழ ஆரம்பிக்கும் வரை.

கரையானுக்கு இந்த ஜெல் உதவாது. பிரசவம் முடிந்து, குழந்தையோடு அம்மா வீட்டில் இருக்கும் சமயம் பார்த்துச் செய்யச் சொல்லுங்கள். தள்ளிப்போட முடியாத நிலை என்றால், மருந்தின் பெயரை முன்கூட்டியே எழுத்தில் வாங்குங்கள். துளையிட்டு ஊற்றுவதோடு நிறுத்தச் சொல்லுங்கள், சுவர் முழுக்க அடிக்க வேண்டாம். குறைந்தது சில நாள் வேறு வீட்டில் தங்குங்கள். திரும்பி வந்ததும் தரையைச் சோப்புத் தண்ணீரில் இரண்டு மூன்று தடவை துடைக்க வேண்டும், துடைக்கிறவர் கர்ப்பிணியாக இருக்கக்கூடாது. அந்த வேலையை வீட்டு வேலைக்கு வருகிற பெண்ணின் தலையில் கட்டுவதாக இருந்தால், அவளுக்கும் மாதம் தள்ளிப்போயிருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் கட்டுங்கள். கையுறை வாங்கிக் கொடுங்கள்.

2025 நவம்பர் 30, இரவு 8.20

ஊருக்குப் போய் வந்தேன். தங்கை இன்னமும் பறிக்கப் போகிறாள், வேறு வருமானம் இல்லை. தோட்டக்காரரிடம் பேசினோம். அடித்த மறுநாள் அந்தப் பாத்தியில் பறிப்பு வேண்டாம், பறிக்கிற பாத்தியையும் அடிக்கிற பாத்தியையும் மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளலாம் என்றேன். ஒரு நாள் விட்டால் மொட்டு மலர்ந்துவிடும், யார் நஷ்டம் ஏற்பது என்றார். அவர் சொல்வதும் நியாயம்தான். கர்ப்பிணிகளை மட்டும் மறுநாள் பறிப்புக்கு விடாமல் பூக்கட்டுகிற வேலையில் வைப்பதாகச் சொன்னார். கட்டுகிற கூலி குறைவு. ஆனால் பறித்த பூவைக் கட்டினாலும் கையில் படத்தானே செய்யும், கையுறையோடு சரம் கட்ட முடியாது. இதற்கு வழி தெரிந்தவர்கள் எழுதுங்கள். சோறு தின்பதற்கு முன் சோப்புப் போட்டுக் கை கழுவ வரப்பில் ஒரு குடம் தண்ணீர், அதற்கு மட்டும் உடனே ஒப்புக்கொண்டார்.

2025 டிசம்பர் 2, மதியம் 12.45

வேளச்சேரித் தங்கைக்கு: விழித்திரை முதல் பரிசோதனை நன்றாக இருக்கிறது என்று எழுதியதைப் பார்த்தேன், ரொம்பச் சந்தோஷம். அடுத்த தேதியையும் தவறவிடாதீர்கள், ரத்தக்குழாய் முழுதாக வளர்ந்துவிட்டது என்று அவர்களே சொல்லும் வரை போக வேண்டும். காது பரிசோதனையும் கேட்டு வாங்குங்கள். தடுப்பூசிக்குப் பிறந்த தேதியைக் கணக்கில் வையுங்கள். தலை நிற்பது, குப்புற விழுவது, உட்காருவதற்கெல்லாம் உங்களுக்குக் கொடுத்திருந்த பிரசவத் தேதியிலிருந்து கணக்குப் போடுங்கள், இரண்டு வயது வரைக்கும் அப்படித்தான். எதிர்வீட்டுக் குழந்தையோடு ஒப்பிட்டு மாமியார் ஏதாவது சொன்னால் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். செக்கப் போகும்போது அந்த மருந்தடித்த பில்லின் நகலையும் ஃபைலில் வைத்து, குழந்தை டாக்டரிடம் காட்டி எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

படிவத்தில் மூன்று வரி சேர்க்கச் சொல்லி மனு எழுதலாம் என்று நாலைந்து பேர் கேட்டிருக்கிறீர்கள். வரைவை ஞாயிற்றுக்கிழமை இங்கே போடுகிறேன். ஆரம்ப சுகாதார நிலையங்களில் கிராமச் செவிலியராக இருக்கிறவர்கள் யாராவது இருந்தால் முன்னாலேயே எழுதுங்கள். முதல் செக்கப்பில் உட்கார்ந்து கேட்கப் போவது நீங்கள்தான், கேள்வி எந்த வார்த்தையில் இருந்தால் பதில் வரும் என்பது உங்களுக்குத்தான் தெரியும்.